உதவி மேசையில் நான் பேசிய தமிழ்

கல்லூரிச் சேர்க்கை உதவி மேசையில் உட்காருகிறவருக்கு வேலை என்னவோ இரண்டு மாதம்தான். அதில் சேர்கிற வெட்கம் மீதி மாதங்களுக்கும் வரும்.

என் மேசை குன்னூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், ஆபீஸுக்கு வெளியே வராந்தாவில் இருக்கிறது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எங்களிடம் சேர வருகிறவர்கள் மட்டுமல்ல, இன்ஜினியரிங், நர்சிங் என்று கோயமுத்தூருக்கு இறங்கப் போகிறவர்களும் ஆன்லைனில் விண்ணப்பிக்க இங்கேதான் வருவார்கள். நான் தமிழ் எம்.ஏ. என்னை எடுத்ததற்குக் காரணமே அதுதான். "பெத்தவங்களுக்கு இந்த இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணும் புரியறதில்லை. நீ எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிடு" என்று சூப்பிரண்டெண்ட் மேடம் முதல் நாளே சொன்னார். நானும் சொன்னேன். அதுவரை அரைகுறையாகப் புரிந்துகொண்டிருந்தவர்களுக்கு அதன் பிறகு எதுவுமே புரியாமல் போயிற்று.

நீங்களும் பிள்ளையின் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஏதாவது ஒரு கவுண்டர் முன்னால் நின்றிருப்பீர்கள். புரியாத வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பக்கத்தில் நின்றவரிடம் அர்த்தம் கேட்டிருப்பீர்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளும் கூனிக் குறுகித்தான் வீட்டுக்குப் போகிறாள் என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

அசலும் வட்டியும்

இத்தலாரிலிருந்து ஒருவர் மகனோடு வந்தார். குத்தகை நிலத்தில் கேரட் போடுகிறவர். மழைக்கோட்டை வராந்தாவுக்கு வெளியிலேயே கழற்றி உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பையனுக்கு பி.காம். கிடைத்திருந்தது. கொண்டுவந்ததெல்லாம் ஜெராக்ஸ். "அசல் இல்லாம சேர்க்க முடியாதுங்க. நாளைக்கு அசலோட வாங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "முழுசாவுங்களா?" என்று கேட்டார். முழுசாகத்தான் என்றேன். "பாதி இப்பவும், பாதி தீபாவளிக்கு மேலயும் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?" அந்த இடத்திலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழை யார் பாதி பாதியாகக் கொடுப்பார்கள்? ஆனால் வரிசை படிக்கட்டு வரை நின்றது. "அதெல்லாம் முடியாதுங்க, எல்லா அசலும் ஒரே தடவையில வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மறுநாள் பையன் மட்டும் வந்து, கொஞ்ச நாள் தவணை கிடைக்குமா என்று கேட்டான். அப்பா கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருக்கிறாராம். பயிர்க்கடனை முடித்தால்தான் சீட்டு என்று காலேஜில் சொல்லிவிட்டார்களாம். அம்மாவின் சங்கிலியை விற்கலாமா என்று யோசிக்கிறார்களாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போனில் அவரைப் பிடித்து, நான் கேட்டது மார்க் ஷீட் ஒரிஜினல்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. மத்தியானம் அவரே ஒரிஜினலோடு வந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மேசைமேல் குனிந்து சொன்னார்: "வட்டிய மட்டும்தான் கட்டிட்டு இருக்கறோம்ங்கறது எங்க ஊட்டுக்கும் சங்கத்துக்கும்தான் தெரியும். உங்களுக்கு யாரு சொல்லிருப்பாங்கன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேனுங்க, அம்மிணி."

ஜீப் நிறைய ஆட்கள்

கலந்தாய்வுக்குப் பத்து மணிக்கு வந்துவிடுங்கள் என்று போனில் நான்தான் சொன்னேன். அந்தப் பெண்ணோடு அப்பா, அம்மா, பெரியப்பா, மாமா, அத்தை எல்லோரும் வாடகை ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா கோட்டும் மப்ளருமாக இருந்தார். அத்தை கையில் ஒரு பை ஆப்பிள். காமர்ஸ் நல்லதா கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்லதா என்று வழியெல்லாம் பேசி, காலேஜ்காரர்களிடம் என்னென்ன கேட்பது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன இடம் போல வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

மாணவியும் ஒரு பெற்றோரும்தான் உள்ளே போகலாம் என்று ஆபீஸ் உதவியாளர் போஜன் அண்ணன் வாசலில் நிறுத்திவிட்டார். அப்பாவும் பெண்ணும் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். காமர்ஸ் முடிந்துவிட்டது, கம்ப்யூட்டர் முடிந்துவிட்டது, ஹிஸ்டரி இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்கள். பயத்தில் இந்தப் பெண் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அத்தை, ஆப்பிள் பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என் மேசைமேல் வைத்தார். பெரியப்பா மப்ளரைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் வந்து நின்றார். "கலந்து பேசறதுன்னு சொன்னீங்கன்னுதான் பெரியவங்களா நாலு பேரு வந்தோமுங்க. எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

பெஞ்சில் ஒரு இடம்

ஒரு அம்மாவிடம், உங்கள் பெண் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள் என்று சொன்னேன். எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகிறவர். "எங்கீங்க காத்திருக்கோணும்?" என்று கேட்டார். அன்றைக்குச் சான்றிதழ் சரிபார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அறிவிப்புப் பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சைக் காட்டினேன்.

அதற்கப்புறம் அவரைத் தினமும் அந்த பெஞ்சில் பார்த்தேன். முதல் பஸ்ஸில் வந்து, ஓரமாக உட்கார்ந்து, சால்வையால் காதை மூடிக்கொள்வார். மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி அதே இடம். யாரோ ஆபீஸில் வேலையாக வந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் சிரித்தேன்கூட. அவரும் சிரித்தார். வாரக் கடைசியில் போஜன் அண்ணன் டீ கொண்டுபோய்க் கொடுத்து, என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார். "டீச்சர், அந்தம்மா வேலைக்கே போகலியாம். நீங்க உக்காரச் சொன்னீங்களாம்."

ஓடினேன். லிஸ்டில் முன்னால் இருப்பவர்கள் யாராவது வேண்டாம் என்றால் உங்கள் பெண்ணுக்கு இடம் வரும், நாங்களே போன் செய்வோம், நீங்கள் இங்கே இருக்க வேண்டியதே இல்லை என்று சொன்னேன். கெட்டுப்போன கூலிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரும் அதைப் பேசவில்லை. எழுந்தார். எழுந்தவர் மறுபடி பெஞ்சைத் தொட்டுக்கொண்டு நின்றார். "நா எந்திரிச்சுப் போயிட்டா வேற யாராச்சும் வந்து உக்காந்துக்க மாட்டாங்களா?"

உதவி கேட்டு வரவில்லை

சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் ஒருவர் மகளைச் சேர்க்க வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மேலே ஸ்வெட்டர். அந்தப் பெண் நல்ல மார்க். இலை விலை இருக்கிற இருப்பில் ஃபீஸ் கட்டச் சிரமம் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. பழைய மாணவர்கள் சேர்ந்து நல்ல மார்க் எடுப்பவர்களுக்குக் கொடுக்கும் பணம் ஒன்று எங்கள் கல்லூரியில் உண்டு. "உங்க பொண்ணுக்கு உதவித்தொகை கிடைக்குங்க, விண்ணப்பிச்சுடலாம்" என்று உற்சாகமாகச் சொன்னேன். நல்ல செய்தி சொல்லக் கிடைப்பது என் மேசையில் அபூர்வம்.

அவர் நீட்டிய காகிதங்களைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "நாங்க உதவி கேட்டு வரலீங்க. அது இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்றே புரியாமல் விழித்தேன்.

சத்தம் கேட்டு மேடம் வெளியே வந்தார். அந்தப் பெண்ணின் மார்க்கைப் பார்த்தார். "அடடே, இந்தப் பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு வந்திருக்கே. வாங்க சார், உள்ள உக்காருங்க" என்றார். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார், கையெழுத்துப் போட்டார், மகளை மேடம் பக்கத்தில் நிற்கவைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். அதே பணம், அதே விண்ணப்பம். அவர்கள் போன பிறகு மேடம் என் மேசையில் கையூன்றி நின்றார். "உதவின்னு தமிழ்ல சொன்னா கூசுது, இங்கிலீஷ்ல சொன்னா ஸ்டேட்டஸ்ல போடறாங்க. ஆளைப் பாத்துப் பேசும்மா."

ஒரே ஒரு விருப்பம்

இன்ஜினியரிங் கலந்தாய்வில், எந்தெந்தக் கல்லூரி, எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நிறையக் கொடுத்தால்தான் ஏதாவது ஒன்று கிடைக்கும். ஒரு பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். அதாவது, "உன் விருப்பத்தைக் கொடுப்பா" என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான், கொடுத்தான், முடித்துவிட்டேன் என்றான். சீக்கிரம் முடித்துவிட்டானே, கெட்டிக்காரப் பையன் என்று பாராட்டி அனுப்பினேன்.

அந்தச் சுற்றில் அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவனைவிடக் குறைந்த மார்க் எடுத்தவர்களுக்கெல்லாம் கிடைத்திருந்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு கல்லூரி, ஒரே ஒரு பாடம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அடுத்த சுற்றில் நானே கூட இருந்து நிறையப் போடவைத்தேன். அவன் கேட்டதற்குக் கீழே ஏதோ ஒன்று கிடைத்தது, சேர்ந்துவிட்டான். ஏன்டா தம்பி ஒன்றோடு நிறுத்தினாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "ஒருத்தர் ஊட்டுக்குப் போனா குடுக்கறத வாங்கிக்கோணும், அது வேணும் இது வேணும்னு கேக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்குங்க."

நானும் தற்காலிகம்தான்

முதலில் கொடுக்கும் சேர்க்கை ஆணையில் தற்காலிகச் சேர்க்கை என்றுதான் இருக்கும். சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகுதான் உறுதியாகும். ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, எப்போது மகனை வெளியே அனுப்புவீர்கள் என்று கேட்டார். அனுப்ப மாட்டோம், இது சும்மா ஒரு வார்த்தை, நான்கூட இங்கே தற்காலிகம்தான், வருஷா வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். தைரியம் சொல்வதாக நினைப்பு. அவர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போகும்போது சொன்னார்: "பையனுக்குக் காரமடை கோயில்ல ஒரு வேண்டுதல் இருக்குதுங்க. உங்களுக்கும் சேத்து வேண்டிக்கறேன், கண்ணு."

முதல் பட்டதாரி

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், முதலில் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு. இன்ஜினியரிங் கிடைத்த ஒரு பையனுக்காக அவன் அப்பா அதைக் கேட்டு வந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். ஸ்வெட்டரெல்லாம் தேயிலைத் தூள் வாசனை. வீட்டில் யார் யார், என்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். அவர் எட்டாவது, மனைவி ஐந்தாவது. பிள்ளைகள்? "ஒரே பையன்தானுங்க."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா பி.எஸ்சி. முடிச்சிருக்குங்க" என்றான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "அவ இப்ப இல்லீங்க" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்பங்க தவறிட்டாங்க?" என்று கேட்டேன். பையன்தான் பதில் சொன்னான். "சாகலீங்க. மேட்டுப்பாளையத்துல இருக்குது. அதுவா கல்யாணம் பண்ணிட்டுப் போயிருச்சு." அந்த நிமிஷம் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. உயிரோடு இருக்கும் மகள் செத்த நாளைப் பெற்றவர் வாயால் சொல்லவைக்க இருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எங்களுக்கும் அவளுக்கும் ஒண்ணும் கிடையாதுங்க. ஊட்டுக்கு வந்தே ரொம்ப நாளாச்சு. அவளைக் கணக்குல சேக்க வேண்டாம்" என்றார். அப்படி முடியாது, எங்கே போனாலும், யாரைக் கட்டினாலும், உங்களுக்குப் பிறந்த பிள்ளை உங்கள் குடும்பத்தில்தான் வரும், அதனால் சலுகை கிடைக்காது என்று என்னால் முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னேன். சலுகை போனதற்கு அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மகனை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் இதை மட்டும் கேட்டார்: "அப்ப கவர்மென்ட்டுல அவ இன்னும் எங்க ஊட்டுப் புள்ளதானுங்களா?"

கைவிடப்பட்டவர்

கீர்த்தனா என்ற பெண்ணுக்குக் கோயமுத்தூரில் நர்சிங் இடம் கிடைத்தது. அவள் அம்மா பெயர் ராணி. எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள். கீர்த்தனா பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து ராணி தனியாகத்தான் இருக்கிறார். அம்மா மட்டும் வளர்க்கும் பெண்களுக்கு ஒரு அறக்கட்டளை படிப்புச் செலவில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. அதைத் தேடிப் பிடித்தவள் நான். விண்ணப்பத்தில் அம்மாவைப் பற்றி இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. ஒன்று விதவை. மற்றது கணவனால் கைவிடப்பட்டவர். அதற்குத் தாலுகா ஆபீஸ் சான்றும் வேண்டும். இரண்டாவதைக் காட்டி, குரலைத் தாழ்த்திப் படித்துச் சொன்னேன்.

ராணி குரலைத் தாழ்த்தவில்லை. "அப்படிப் போடாதீங்க" என்றார். வெறும் வார்த்தைதான், ஆபீஸில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். "வார்த்தைதானே, மாத்தி எழுதுங்க" என்றார். "அம்மா, பேசாம இரு. எல்லாரும் பாக்கறாங்க" என்று கீர்த்தனா பல்லைக் கடித்தாள். அறக்கட்டளைக்குப் போன் போட்டுக் கேட்டேன். மூன்றாவது கட்டம் கிடையாது, கைவிடப்பட்டவர் என்றே போடச் சொல்லுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். அதை அப்படியே ராணியிடம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க பொண்ணு படிப்புக்காக ஒரு வார்த்தைய பொறுத்துக்கக் கூடாதுங்களா?" என்றும் கேட்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ராணி மகளைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்களையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே பேசினார். "தெனம் குடிச்சுட்டு வந்து அடிச்சாரு. இந்தப் புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு மழையில நாந்தான் லயத்த விட்டு எறங்கி வந்தேன். அவரு எங்கயும் போகல, இன்னமும் அதே லயத்துலதான் கெடக்காரு. கைவிடப்பட்டவர்னு எழுதியே ஆகணும்னா அவருக்கு எழுதுங்க."

இணைக் கடன்தாரர்

அன்றைக்குக் கீர்த்தனா குடையைக்கூட விரிக்காமல் அம்மாவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போனாள். இனி என்னிடம் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தார்கள். இந்தத் தடவை கல்விக் கடனுக்கு. விண்ணப்பம் முழுக்க இங்கிலீஷ். கீர்த்தனாவின் கண் வீங்கியிருந்தது. அம்மாவோடு பேசவில்லை, எது வேண்டுமானாலும் என்னிடம் மட்டும் கேட்டாள். ராணி மேசையின் அந்த ஓரத்தில் நின்றார்.

நான் பயந்து பயந்து பேசினேன். மோரடோரியம் என்ற வார்த்தையைத் தமிழ்ப்படுத்தும் ஆசையே வரவில்லை. படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்றேன். "அந்த 'ஆனால்'லருந்து இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் ராணி. சொன்னேன். தலையசைத்தார்.

அடுத்ததாக, கடன் வாங்கும் பிள்ளையோடு சேர்ந்து பெற்றவரும் கையெழுத்துப் போடும் இடம். தமிழில் இணைக் கடன்தாரர். ராணியைப் பார்த்து அந்தச் சொல்லை உச்சரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. "அதாவதுங்க, நீங்களும் கூட ஒரு பொறுப்பு மாதிரி, சும்மா சேர்ந்து ஒரு கையெழுத்து..." என்று இழுத்தேன். கீர்த்தனாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் கட்டலைன்னா நீ கட்டணும்னு அர்த்தம்மா. நீயும் கடன்காரின்னு எழுதுவாங்க" என்றாள். முகத்தில் அடிக்கிற மாதிரிதான் சொன்னாள். மறுபடி கூட்டத்தின் முன்னால் இந்த அம்மாவைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்று நான் கம்ப்யூட்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடன் வந்து சேர்வதற்குள் கல்லூரி திறந்துவிட்டது. கீர்த்தனா தாமதமாகத்தான் சேர்ந்தாள். இப்போது நன்றாகப் படிக்கிறாள் என்று கேள்வி. லீவில் வந்தால் அம்மாவும் பெண்ணும் ஒன்றாகத்தான் பஜாருக்கு வருகிறார்கள், நானே பார்த்தேன். அன்று மேசையில், எந்த இடம் என்று ராணி கேட்டார். காட்டினேன். தன் பெயர் எழுத வேண்டிய கட்டத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து மகள் கையில் கொடுத்தார். "கடன்காரின்னே போடு, கண்ணு. அது நெசம்."

பெற்றோர் பக்கம் பார்த்து 'தயங்காமல் கேட்கவும்' என்று என் மேசையில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். என் பக்கம் பார்த்து 'தயங்கிப் பதில் சொல்லவும்' என்று இன்னொன்று வைத்திருந்தால் இவற்றில் பாதி நடந்திருக்காது.